சேற்றில் கிடைத்த ஒன்றரை லட்சம்!
விஞ்ஞானி பட்நாகரின் வாழ்க்கை

பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளம் போகும் ரயில், ஆலுவா வழியாகப் போகிறது. மூணாறு மலையிலிருந்து இறங்கும் நம்மவர்களுக்கும் அது தெரிந்த ஊர்தான். அந்த ஊருக்கு அருமண் ஆலை வரக் காரணமானவர்களில் ஒருவர் சாந்தி சுவரூப் பட்நாகர்.

1894-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி, இன்று பாகிஸ்தானில் இருக்கும் பேரா என்ற ஊரில் பிறந்தார். பிறந்த எட்டாம் மாதமே தந்தை இறந்துவிட்டார். தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். பாட்டனார் என்ஜினீயர்.

லாகூரில் படித்தார். உதவித்தொகை பெற்று லண்டன் சென்று, 1921-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். காசியில் மூன்று ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். 1924-ல் லாகூருக்கே திரும்பினார்.

கரைவதும் கலங்குவதும்

தண்ணீரில் உப்பைப் போட்டால் கரைகிறது. அதற்கும் ஓர் அளவு உண்டு. 100 கிராம் தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். மேலும் போட்டால் அடியில் தங்கிவிடும்.

களிமண் அப்படி அல்ல. கரைந்ததுபோல் தோன்றும். உண்மையில் கரைவதில்லை. மிக நுண்ணிய துகள்களாக மிதந்துகொண்டிருக்கும். எல்லாத் துகளிலும் ஒரே வகை மின்சாரம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும், ஒட்டாது.

அந்தத் தண்ணீரில் உப்பைச் சேர்த்தால் கதை மாறிவிடும். உப்பில் உள்ள எதிர்வகை மின்சாரம் அந்தத் தள்ளுதலை அடக்கிவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்.

இதுதான் ராவல்பிண்டிப் பக்கம் அட்டாக் எண்ணெய்க் கம்பெனியைத் திணற அடித்தது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். பூமிக்கு அடியில் உப்புத்தண்ணீர் பட்டதும் அந்தக் குழம்பு இறுகிக் கெட்டியானது. வேலை நின்றது.

பட்நாகரிடம் வந்தார்கள். அவர் பெரிய இயந்திரம் எதுவும் கேட்கவில்லை. குழம்பில் நம் நாட்டுக் கோந்தைக் கலக்கச் சொன்னார். கோந்து துகள்களைப் போர்த்திக் காத்தது. உப்புப் பட்டும் குழம்பு இறுகவில்லை!

மகிழ்ந்த கம்பெனி, பெட்ரோலிய ஆராய்ச்சிக்காக 1 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தர முன்வந்தது. அந்தக் காலத்தில் அது பெரும் செல்வம். அதை அவர் தம் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்திடம் சேர்த்து, பெட்ரோலிய ஆராய்ச்சித் துறை தொடங்க வைத்தார். தகப்பன் இல்லாமல் வளர்ந்து, உதவித்தொகையில் படித்தவர் செய்த காரியம் இது.

மணலில் இருந்த புதையல்

1942-ல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் உருவானது. அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நாடெங்கும் ஆராய்ச்சிக்கூடங்கள் எழுந்தன. சென்னையில் தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. காரைக்குடிக்காக வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்.

1948-ல் அணுசக்திக் குழு அமைந்தது. உறுப்பினர் மூவர்: பாபா, தமிழரான கே.எஸ். கிருஷ்ணன், பட்நாகர்.

சவரா, மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் அது அப்படியே கப்பல் ஏறியது. அதை இங்கேயே பிரித்தெடுக்க 1950-ல் இந்திய அருமண் நிறுவனம் பிறந்தது. 1952-ல் ஆலுவா ஆலை இயங்கத் தொடங்கியது.

அங்கே நடந்ததும் கரைக்கும் வித்தைதான். மோனசைட் தண்ணீரில் கரையாது. அதை அரைத்து, காஸ்டிக் சோடாவில் காய்ச்சுவார்கள். பாஸ்பேட் தண்ணீரோடு கரைந்து போய்விடும். எஞ்சியதில் அளவாக அமிலம் விட்டால், அருமண் பொருள்கள் கரையும். தோரியம் கரையாமல் நிற்கும். வடிகட்டினால் இரண்டும் தனித்தனி.

1955-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி பட்நாகர் காலமானார். அப்போது வயது 60. இளம் விஞ்ஞானிகளுக்கான தேசிய விருது இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அருமண் நிறுவனத்தின் பிரிவு ஆலுவாவில் இன்றும் இயங்குகிறது.