கிறிஸ்டன் நிகார்ட்: ஒரு மொழியின் வளத்தைப் பிற மொழிகளுக்கு ஈந்தவர்

கணினித் துறை மாணவர்களுக்குச் சி++ எனும் நிரல்மொழி புதிதன்று. ஆனால், அதிலுள்ள 'கிளாஸ்', 'ஆப்ஜெக்ட்' ஆகிய கூறுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அவை சிமுலா எனும் நார்வே நாட்டு நிரல்மொழியிலிருந்து வந்தவை. அதனை உருவாக்கிய இருவருள் ஒருவரே கிறிஸ்டன் நிகார்ட்.

நிகார்ட் 1926 ஆகஸ்டு 27ஆம் நாள் ஆஸ்லோவில் பிறந்தார். 1948இல் நார்வே தற்காப்பு ஆய்வு நிலையத்தில் பணியில் சேர்ந்தார். பணியாற்றிக்கொண்டே 1956இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1960இல் நார்வே கணினி மையத்திற்கு மாறினார்.

வேலைகள் ஓரிடத்தில் தேங்கி வரிசை நீள்வது ஏன் என்பதைக் கணினியில் நிகழ்த்திப் பார்க்க அவர் விரும்பினார். ரந்தாவ் தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு இது எளிதில் புரிந்தது. பால்மரம் சீவிய என் பாட்டி, வாளிகளோடு பால் நிறுக்க வரிசையில் காத்திருந்த கதையை அடிக்கடி சொல்வார். இன்னொரு தராசு வைத்தால் வரிசை எவ்வளவு குறையும்? இதைக் கணிக்க, ஒவ்வோர் ஆளையும் ஒவ்வொரு தராசையும் தனக்குரிய விவரமும் செயலும் கொண்ட தனிப் பொருளாகக் கணினிக்குள் அமைக்க வேண்டும். அதற்கு வழி செய்ததே சிமுலா.

நிகார்டும் ஓலே யோஹான் டாலும் மொழியை வெறுமையிலிருந்து படைக்கவில்லை. அல்கோல் 60 எனும் மொழியின் மீதே கட்டினர். முதல் சிமுலா 1965இல் இயங்கியது. 1967இல் வந்த சிமுலா 67 மரபுரிமையைக் கொண்டுவந்தது. 'மரம்' என்றொரு பொதுவகையில் நட்ட ஆண்டை ஒருமுறை எழுதினால் போதும். ரப்பரும் செம்பனையும் அதைப் பெற்றுக்கொள்ளும். பால் அளவையும் குலை எண்ணிக்கையையும் மட்டும் தனித்தனியே சேர்க்கலாம்.

கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த பியார்ன் ஸ்ட்ரோஸ்ட்ரப், சிமுலாவின் தெளிவை விரும்பினார்; அதன் வேகக் குறைவால் அவதியுற்றார். ஆகவே, 1979இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், வேகமிக்க சி மொழிக்குள் சிமுலாவின் வகைகளைக் கொண்டுவர முற்பட்டார். புதிய கூறுகளைச் சாதாரணச் சி நிரலாக மாற்றித் தரும் ஒரு முன்செயலியை முதலில் எழுதினார். 1983இல் அம்மொழி சி++ எனப் பெயர் பெற்றது. 1995இல் வெளிவந்த ஜாவாவும் இவ்வழி வந்ததே.

நிகார்டின் பெருமை இதோடு முடியவில்லை. வேலையிடத்தைக் கணினிக்குள் அடக்கிக் காட்டும் கருவி, அங்கு உழைப்பவரைக் கேட்காமலேயே அவர் வேலையை மாற்றவும் பயன்படும் என்பதை அவர் உணர்ந்தார். 1970களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தார். தொழிலாளர்களே கணினியைப் பற்றிக் கற்று, நிர்வாகத்தோடு பேசும் நிலையை ஏற்படுத்தப் பாடுபட்டார்.

2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் வழங்கப்பட்டது. 2002 ஜூன் 29இல் டாலும், ஆகஸ்டு 10இல் நிகார்டும் மறைந்தனர்.

ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது என் பாட்டியை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளை நாம் எழுதப்போகும் நிரல்களிலும் யாரோ ஒரு பாட்டி வரிசையில் நிற்பார். அவரையும் கேட்டு எழுதுவோம். அதுவே நிகார்டுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.