வாசகர் கேள்விக்குப் பதில் எழுதியதால் கூண்டேறிய பேராசிரியர்: ர.தோ. கார்வேயின் வாழ்க்கை

1934-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில், பம்பாய் நீதிமன்றம் ஒன்றில் மராத்தி மாத இதழ் ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கு விசாரணைக்கு வந்தது. வாசகர்கள் அனுப்பிய அந்தரங்கக் கேள்விகளுக்கு அச்சில் பதில் அளித்தார் என்பதே அவர் மீதான குற்றச்சாட்டு. சுயஇன்பம், தன்பாலின ஈர்ப்பு ஆகியவை குறித்த கேள்விகள் அவை. அவருக்காக வாதாட முன்வந்த வழக்கறிஞர், டாக்டர் அம்பேத்கர்.

அந்த ஆசிரியர் ரகுநாத் தோண்டோ கார்வே. 1882 ஜனவரி 14-இல் பிறந்தவர். கைம்பெண் மறுமணத்துக்காகவும் பெண் கல்விக்காகவும் உழைத்த தோண்டோ கேசவ் கார்வேயின் மூத்த மகன். பம்பாய் வில்சன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1921-இல், லண்டனில் மேரி ஸ்டோப்ஸ் கருத்தடை ஆலோசனை மையம் தொடங்கிய அதே ஆண்டில், கார்வேயும் பம்பாயில் ஒன்றைத் தொடங்கினார். கருத்தடைப் பிரசாரத்தைக் கல்லூரி நிர்வாகம் விரும்பவில்லை. அவர் பிரசாரத்தை விடவில்லை, வேலையை விட்டார்.

அக்காலத்தில் இது எளிய முடிவன்று. செயற்கைக் கருத்தடையைக் காந்தியடிகளே எதிர்த்து, புலனடக்கத்தையே வழியாகக் கூறிவந்தார். வங்கத்திலிருந்து தாகூர் மட்டும் 1925-இல் அமெரிக்கச் செயற்பாட்டாளர் மார்கரெட் சாங்கருக்கு ஆதரவுக் கடிதம் எழுதினார்.

1927 ஜூலையில் கார்வே தொடங்கிய 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' இதழின் பெயருக்குச் சமூக நலம் என்று பொருள். அதன் உயிர்நாடி கேள்வி-பதில் பகுதி. மருத்துவரிடமும் வீட்டாரிடமும் கேட்க முடியாததை மக்கள் முகம் தெரியாத ஓர் ஆசிரியரிடம் கேட்டனர். கணக்கு வாத்தியார் என்பதாலோ என்னவோ, அவர் பதில்களில் சுற்றி வளைத்தல் கிடையாது.

1931-இல் ஒரு கட்டுரைக்காக முதல் வழக்கு வந்தது; 100 ரூபாய் அபராதம். இரண்டாவது வழக்கில் அம்பேத்கரின் வாதம் நேரடியானது. வாசகர் கேட்கும்போது ஆசிரியர் ஏன் பதில் சொல்லக் கூடாது என்று அவர் வினவினார். பாலியல் பற்றி எழுதுவதெல்லாம் ஆபாசம் ஆகாது, அறியாமையால் விளையும் தீங்கை அறிவால்தான் நீக்க முடியும் என்றும் எடுத்துரைத்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏப்ரலில் 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கில் தோற்ற கார்வே, இதழைத் தொடர்ந்து நடத்தினார்.

சட்டத்தின் பார்வை இளகப் பல ஆண்டுகள் பிடித்தன. கொல்கத்தாவின் 'தேஷ்' பூஜைச் சிறப்பிதழில் 1967-இல் வெளியான சமரேஷ் பாசுவின் 'பிரஜாபதி' நாவல் ஆபாசம் எனக் கீழ் நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கொச்சையாக எழுதப்பட்டது எல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்று கூறி உச்ச நீதிமன்றம் எழுத்தாளரை விடுவித்தது 1985-இல்தான். கார்வே மறைந்து அப்போது 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஊருக்குச் சொன்னதைத் தம் வீட்டிலும் அவர் கடைப்பிடித்தார். குழந்தை வேண்டாம் என்று அவரும் மனைவி மாலதியும் முடிவு செய்தபோது, அறுவை சிகிச்சையைத் தாமே செய்துகொண்டார். வேலை போன பின் வந்த வறுமையிலும் ஊராரின் ஏச்சிலும் மாலதிக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. அவரைப் பற்றி இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

1953 அக்டோபர் 14-இல் கார்வே காலமானார். சுமார் 26 ஆண்டுகள் வந்த இதழும் அடுத்த மாதத்துடன் நின்றது. மகனுக்குப் பிறகும் வாழ்ந்த தந்தைக்கு 1958-இல் பாரத ரத்னா வழங்கப்பட்டது.