கற்ற இடத்திற்குத் திரும்பிய ஒருவர்

எமது கல்லூரி மைதானத்தில் ஒரு நாளாவது வலைப்பந்தாட்டம் ஆடாமல் வெளியேறியவர்கள் எம்மிடையே மிகச் சிலரே. அவ்விளையாட்டு கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிறந்தது. 1891 டிசெம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரே பொருத்திக் கூடைப்பந்தாட்டத்தைத் தொடக்கி வைத்தார். பின்னர் மருத்துவமும் கற்று, 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே அவரிடம் பயின்ற ஒரு மாணவரின் வரலாற்றை இந்த நூற்றாண்டு மலரில் பதிவு செய்ய விரும்புகின்றோம்.

ஃபொரெஸ்ட் கிளேர் அலன் 1885இல் மிசூரி மாநிலத்தில் பிறந்தார். கடலில் மூடுபனி வேளையில் கப்பல்களுக்காக ஊதப்படும் சங்கைப் போன்ற குரல் அவருடையது. அதனால் ‘ஃபொக்’ என்ற பட்டப்பெயர் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது.

அவர் இளைஞராக இருந்தபோதே அயலிலுள்ள பேக்கர் பல்கலைக்கழகம் தனது அணியைப் பயிற்றுவிக்க அழைத்தது. நெய்ஸ்மித்துக்கு அது வேடிக்கையாக இருந்தது. கூடைப்பந்தாட்டம் ஆடுவதற்குரியது, பயிற்றுவிப்பதற்குரியதல்ல என்பது அவரது கருத்து. அலன் ஆசிரியரை மதித்தார். ஆனால் அக்கருத்தை ஏற்கவில்லை. 1907இல் நெய்ஸ்மித் விலகியபோது, தாம் ஆடிய கன்சாஸ் அணிக்கே பயிற்றுவிப்பாளரானார்.

இரண்டு பருவங்களின் பின் விலகி, எலும்பு, மூட்டு, தசைகளைக் கையாற் சீர்செய்யும் ஒஸ்டியோபதி வைத்தியம் கற்று, 1912இல் பட்டம் பெற்றார். வேறொரு கல்லூரியில் ஏழாண்டுகள் பணியாற்றிவிட்டு, 1919இல் கன்சாஸுக்கு மீண்டார். காயப்பட்டு வரும் பிள்ளைகளை நாளாந்தம் பார்க்கும் வைத்தியர்களாகிய எம்மை ஒரு விடயம் கவர்கின்றது. அணியைக் களத்திற்கு அனுப்பியவரே, ஆட்டம் முடிந்ததும் வீரரின் முழங்காலைத் தொட்டுப் பார்ப்பவராகவும் இருந்தார்.

நெய்ஸ்மித்தின் காலத்தில் கன்சாஸ் அணி 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. அலனின் 39 பருவங்களில் அது 590 ஆட்டங்களில் வென்றது. பயிற்றுவிக்க முடியுமா என்ற கேள்விக்கு அதுவே விடையாயிற்று.

ஆயினும் அவர் ஆசிரியரை மறந்தாரல்லர். 1927இல், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவதைக் கட்டுப்படுத்த விதிக்குழு முனைந்தபோது, பயிற்றுவிப்பாளர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து எதிர்த்தார்; அதன் முதல் தலைவரும் அவரே. கூடைப்பந்தாட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெறவும் அயராது உழைத்தார். 1936இல் பேர்லினில் அது நிறைவேறியது. முதுமையடைந்திருந்த நெய்ஸ்மித்தை அங்கே அனுப்புவதற்கு அச்சங்கம் பணம் சேர்த்தது. தாம் உருவாக்கிய விளையாட்டைப் பல நாட்டு அணிகள் ஆடுவதை அவர் கண்ணாரக் கண்டார். மூன்றாண்டுகளின் பின் காலமானார்.

அலனிடம் ஆடிய அடொல்ஃப் ரப், டீன் சிமித் இருவரும் பின்னாளில் பெரும் பயிற்றுவிப்பாளர்களாயினர். 1952இல் அலனின் அணி தேசியப் பல்கலைக்கழகச் சம்பியனானது. அவ்வணியில் சிமித்தும் இருந்தார். அதே ஆண்டு ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கு அலன் உதவிப் பயிற்றுவிப்பாளர்.

இறுதி விடைபெறல் இனிதாக அமையவில்லை. ஏழடி உயர வில்ட் சேம்பர்லேனை அரும்பாடுபட்டுக் கன்சாஸுக்கு அழைத்து வந்தவர் அவரே. ஆனால் சேம்பர்லேன் முதல் அணியில் ஆடத் தகுதி பெறுமுன், 1956இல், 70 வயதுக்குரிய கட்டாய ஓய்வு குறுக்கிட்டது. தொடர அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்த அணி இறுதியாட்டத்தில் ஒரேயொரு புள்ளியால் தோற்றது. அலன் லோரன்ஸ் நகரிலேயே தங்கி வைத்தியம் பார்த்தார். 1974இல் அங்கேயே மறைந்தார்.

1955இல் திறக்கப்பட்ட கன்சாஸ் விளையாட்டரங்கு அலனின் பெயரைத் தாங்குகின்றது. அது நிற்கும் வீதிக்கு நெய்ஸ்மித்தின் பெயர். திரும்பி வந்தவர் ஆசிரியர் சொன்னதையே சொல்லவில்லை. எனினும் இருவர் பெயரும் ஓரிடத்தில் வாழ்கின்றன. எமது மைதானத்திலும் மாலைப் பயிற்சிக்குப் பிள்ளைகள் காத்திருக்கின்றார்கள். வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கக்கூடிய சகோதரிகள், புதிய முறைகளோடும் மாற்றுக் கருத்துகளோடும், தயங்காமல் வாருங்கள்.