பறவை அறிஞர் சலீம் அலி

ஒரு பொருளின்மீது பேரன்பு கொண்டவர் அப்பொருளின் குறைகளைக் காண விரும்பாமை உலக இயற்கை. அதன்மீது பழி எழுமாயின் ஆராயாமலே அதனை மறுக்க முற்படுவர். தாம் உயிரெனப் போற்றிய பறவைகள்மீது கொடிய நோயைப் பரப்பும் பழி எழுந்தபோது, அது மெய்யோ பொய்யோ என்று தாமே ஆராய முன்வந்த பெருந்தகை ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே பறவை அறிஞர் சலீம் அலி.

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பம்பாய் மாநகரில் பிறந்தார். ஒரு வயதளவில் தந்தையையும், மூன்று வயதளவில் தாயையும் இழந்தார். தாய்மாமனாகிய அமிருத்தீன் தயாப்ஜியும் அவர்தம் மனைவியாரும், தமக்கு மக்கட்பேறு இன்மையால், தாய் தந்தையரை இழந்த அப்பிள்ளைகளைத் தம் மக்களாகவே கருதி வளர்த்தனர். மாமனார் வேட்டையில் விருப்பமுடையவர். ஆதலின் சிறுவனுக்கும் விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது.

ஏறத்தாழப் பத்து வயதில் அச்சிறுவன் ஒருநாள் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறப் புள்ளி ஒன்று இருந்தது. அது என்ன பறவை என்று மாமனாரை வினவினான், அவருக்கும் தெரியவில்லை. அவர் அச்சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளராகிய மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் அனுப்பினார். மில்லார்டு அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு எனக் கண்டறிந்து கூறியதோடு, பேழைகளில் வரிசை வரிசையாகப் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான பறவைகளையும் அவனுக்குக் காட்டினார். இறந்த சிட்டு ஒன்று சிறுவன் ஒருவனின் வாழ்நாள் முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று.

எனினும் அவ்வழி எளிதாக இருக்கவில்லை. இளமையில் அவர் பர்மாவுக்குச் சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலிலும் மரத் தொழிலிலும் ஈடுபட்டார். தொழிலைவிடக் காட்டுப் பறவைகளே அவர் கருத்தைக் கவர்ந்தன. 1918-இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் அவர் விரும்பிய ஆராய்ச்சிப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளராக அமர்ந்தார். பின்னர் முறையான பயிற்சி பெற வேண்டி ஜெர்மனி சென்று, பெர்லின் நகரில் ஸ்டிரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை அறியும் முறையையும் அந்நாட்டின் ஹெலிகோலாந்துத் தீவில் கண்டு கற்றார்.

1930-இல் தாயகம் திரும்பியபோது, பணமுடையினால் அருங்காட்சியகத்தில் அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது. மனைவியாரோடு கடற்கரைச் சிற்றூராகிய கிஹிமில் குடியேறி, அங்கிருந்த தூக்கணாங்குருவிகளைத் திங்கள் கணக்கில் உற்றுநோக்கினார். ஆண் குருவியே கூடுகளைக் கட்டுகின்றது; ஒரு கூட்டில் ஒரு பேடு அமர்ந்ததும் அது அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்குகின்றது என்பது போன்ற உண்மைகளைக் கண்டு வெளியிட்டார். பின்னர் ஐதராபாத், திருவாங்கூர், கொச்சி முதலிய அரசுகளில் பறவைக் கணக்கெடுப்பை மேற்கொண்டு காடு மேடெல்லாம் நடந்தார். 1939-இல் மனைவியார் மறைந்தார். அத்துயரிலும் அவர் தம் பணியைக் கைவிடவில்லை. 1941-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் எளிய மக்களுக்கும் பறவைகளை அறிமுகம் செய்தது.

அறுபது வயது நிறைந்து புகழோடு விளங்கிய காலத்தில்தான் அவர்முன் அப்பெரும் வினா எழுந்தது. 1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அந்நாளைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்னும் காட்டில் குரங்குகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. கருமுகம் படைத்த மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் மரத்தடியில் பிணமாகக் கிடந்தன. அதனை அடுத்துக் காட்டோரச் சிற்றூர்களில் வாழ்ந்த மக்களையும் கடுங்காய்ச்சல் பற்றியது. தலைவலி, தசைகளில் தாங்கொணா வலி, பெருஞ்சோர்வு ஆகியவற்றோடு சிலருக்குக் குருதியும் கசிந்தது. நோயுற்றவருள் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை உயிரிழப்பது இந்நோயின் இயல்பு.

பூனா நகரில் 1952-இல் நிறுவப்பட்டிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் விரைந்து சென்றனர். குரங்குகள் மடிந்தமையால், அதுவரை ஆசியாவில் காணப்படாத மஞ்சட் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று முதலில் அஞ்சினர். ஆய்வில் அது முற்றிலும் புதிய வைரஸ் எனத் தெரிந்தது. காட்டின் பெயராலேயே அதற்குக் கியாசனூர் வனநோய் என்று பெயரிட்டனர். மக்கள் அதனைக் குரங்குக் காய்ச்சல் என்றனர். அந்நோயைப் பரப்புவது காட்டில் வாழும் ஒருவகை உண்ணி என்பதும் வெளிப்பட்டது. உண்ணி நோயைப் பரப்பக்கூடும் என்பது புதிய செய்தி அன்று. 1893-ஆம் ஆண்டிலேயே தியோபால்டு சுமித்து என்னும் அமெரிக்க அறிஞர், மாடுகளைக் கொல்லும் காய்ச்சல் ஒன்றை உண்ணிகள் பரப்புவதை மெய்ப்பித்திருந்தார்.

உண்ணியின் வாழ்க்கை விந்தையானது. முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய குஞ்சு ஓர் உயிரின் குருதியைக் குடித்துக் கீழே விழுகின்றது. தோலுரித்து வளர்ந்தபின் வேறோர் உயிரைப் பற்றுகின்றது. முழு வளர்ச்சி பெற்றபின் மாடு போன்ற பெரிய விலங்கை நாடுகின்றது. இவ்வாறு ஓர் உயிரிடம் பெற்ற நோய்க்கிருமியை மற்றோர் உயிருக்கு அது கொண்டுசேர்க்கின்றது. இளம் உண்ணிகள் எலி, மூஞ்சூறு, அணில், குரங்கு ஆகியவற்றைக் கடிக்கும். காட்டுக்கு விறகு வெட்டவும் மாடு மேய்க்கவும் செல்லும் மனிதனையும் கடிக்கும். நோயுற்ற குரங்கு இறந்தால், அதன் உடலிலிருந்து உதிரும் உண்ணிகளால் அவ்விடமே நோய்க்களம் ஆகிவிடும்.

திருவண்ணாமலைக்குச் சென்றோர், மலையை வலம்வரும் பாதையில் அடியார் அளிக்கும் பழங்களுக்காகக் காத்திருக்கும் நாட்டுக் குரங்குகளைக் கண்டிருப்பர். கியாசனூரில் மடிந்த ஈரினங்களுள் அவ்வினமும் ஒன்று. எனினும் குரங்கு வாழும் ஊரெல்லாம் இந்நோய் வாழும் ஊர் ஆகிவிடாது. வைரஸ், அதனைத் தாங்கும் உண்ணி, உண்ணிக்கு உணவாகும் சிற்றுயிர்கள், அவற்றுக்கேற்ற காடு ஆகிய யாவும் ஓரிடத்தில் கூடினாலன்றி நோய் வேரூன்றுவதில்லை. ஆகவே குரங்கு நோயின் காரணம் அன்று. மனிதனைப் போலவே நோயினால் துன்புறும் உயிரே ஆகும்.

அங்ஙனமாயின் அப்புதிய வைரஸ் எங்கிருந்து வந்தது? அது சைபீரியாவிலும் ரஷ்யக் காடுகளிலும் உண்ணிகளால் பரவும் நோய்களின் வைரசுகளோடு உறவுடையது என அறிஞர் கண்டனர். சைபீரியாவுக்கும் சிமோகாவுக்கும் இடையே இமயமலையும் பல்லாயிரம் கல் தொலைவும் உள்ளன. அத்தொலைவை ஆண்டுதோறும் கடப்பவை பறவைகளே. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இலட்சக்கணக்கான பறவைகள் இந்தியாவுக்கு வருகின்றன. அவற்றின் இறகுகளுக்கிடையே பற்றிக்கொண்ட உண்ணிகளே நோயைக் கொணர்ந்தனவோ என்ற ஐயம் எழுந்தது.

பறவைகளைக் காதலித்த சலீம் அலி இதனைக் கேட்டுச் சினக்கவில்லை. ஐயத்தை ஆராய்ச்சியால் தீர்த்தலே அறிவுடைமை எனக் கருதினார். பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வழிகளை அறிய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அதற்குப் பொருள்தான் இல்லாதிருந்தது. இப்பொழுது உலக சுகாதார நிறுவனம் துணை நின்றது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சார்பில் அவர் தலைமையில் பறவைப் பயண ஆராய்ச்சி தொடங்கியது.

கட்சிலும், பரத்பூர் ஏரியிலும், பிற இடங்களிலும் முகாம்கள் அமைந்தன. பறவை பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட பீகாரின் மீர்ஷிகார்கள் இப்பணியில் அமர்த்தப்பட்டனர். விற்பதற்காகப் பறவை பிடித்த கைகள், இறகு ஒன்றும் சிதையாமல் பிடித்து அறிஞரிடம் அளித்தன. ஒவ்வொரு பறவையின் எடையும் சிறகின் நீளமும் குறிக்கப்பட்டன. உடலில் ஒட்டியிருந்த உண்ணிகளைப் பொறுக்கி ஆய்வுக்கு அனுப்பினர். பின்னர் எண் பொறித்த மெல்லிய வளையத்தைக் காலில் பூட்டிப் பறவையை வானில் விட்டனர். அப்பறவை எங்கேனும் அகப்பட்டால் பம்பாய்ச் சங்கத்துக்குத் தெரிவிக்குமாறு அவ்வளையத்திலேயே வேண்டுகோள் பொறிக்கப்பட்டிருந்தது. பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சைபீரியாவில் அகப்பட்டன என்ற செய்திகள் வந்தபோது, அதுவரை ஊகமாக இருந்த வான்வழிகள் உறுதியாயின.

இவ்வாராய்ச்சிக்கு இடையூறும் நேர்ந்தது. அமெரிக்க இராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றின் பொருளும் இதற்கு வந்தமையால், பறவைகளின் வழிகளை அறிவது போரில் நோய் பரப்புவதற்குப் பயன்படுமோ என்ற கேள்வி 1970-களில் நம் பாராளுமன்றம் வரை எழுந்தது. நோயைத் தடுக்கத் தொடங்கிய பணியின்மீதே இத்தகைய ஐயம் படர்ந்தது முதியவராகிய அவருக்கு மிகுந்த இடர்ப்பாட்டை விளைவித்தது. அறிவைத் தேடுவோர் அதற்குரிய பொருள் எங்கிருந்து வருகின்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

ஆராய்ச்சியின் முடிவு யாது? வடக்கிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வருவது மெய்யே. ஆனால் கியாசனூர் நோயை அவை சைபீரியாவிலிருந்து கொணர்ந்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அவ்வைரசுக்கு மிக நெருங்கிய உறவுடைய வைரஸ் ஒன்று 1990-களில் அரேபியாவிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. கியாசனூர்க் காட்டைத் தொடர்ந்து ஆராய்ந்தோர், நோய் பெருகியமைக்கான காரணத்தை அண்மையிலேயே கண்டனர். மனிதன் காட்டை வெட்டி வயலாக்கினான். எஞ்சிய காட்டில் மாடுகளை மேயவிட்டான். மாடுகளின் குருதியை உண்டு உண்ணிகள் பன்மடங்கு பெருகின. காட்டுக்குள் அமைதியாகச் சுழன்றுகொண்டிருந்த நோய், காடும் ஊரும் கலந்த எல்லையில் மனிதனை அடைந்தது. பழியைச் சுமத்த வானத்தை நோக்கியவர்கள், இறுதியில் தம் காலடியையே நோக்க வேண்டியதாயிற்று.

இந்நோய் கியாசனூரோடு நின்றுவிடவும் இல்லை. பல ஆண்டுகள் கன்னட நாட்டின் சில மாவட்டங்களில் மட்டும் காணப்பட்ட அது, 2012-ஆம் ஆண்டுக்குப்பின் பந்திப்பூரிலும், நம் நீலகிரியின் முதுமலைக் குரங்குகளிடத்தும், கேரளத்தின் வயநாட்டிலும், பின்னர்க் கோவாவிலும், மராட்டிய மாநிலத்திலும் தோன்றியது. ஆகவே சலீம் அலி எழுப்பிய வினா இன்றும் உயிருடையது. காட்டில் குரங்கு இறந்து கிடந்தால் அதனைத் தொடாமல் உரிய அதிகாரிகளுக்கு உடனே அறிவித்தல், காட்டுக்குச் செல்வோர் உடலை மூடும் ஆடை அணிதல், திரும்பியதும் உடலில் உண்ணி உள்ளதா என்று பார்த்தல் ஆகியன அப்பகுதி மக்கள் பின்பற்ற வேண்டிய நெறிகளாகும்.

நோய்க்காகத் தொடங்கிய வளையப் பணி பறவைகளுக்கே காப்பாகவும் அமைந்தது. எந்த ஏரியில் எவ்வளவு பறவைகள் தங்குகின்றன என்பது தெரிந்தாலன்றோ அவ்வேரியைக் காக்க இயலும்! நம் தஞ்சைக் கடற்கரையாக அந்நாளில் விளங்கிய கோடியக்கரையின் சிறப்பை உணர்ந்து உலகறியச் செய்தவருள் சலீம் அலி முதன்மையானவர். 1967-இல் அது உயிரினக் காப்பகமாயிற்று. 1980-களில் அங்கும் பறவைகளுக்குப் பெருவாரியாக வளையமிடப்பட்டது.

ரிப்ளி என்னும் அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து அவர் எழுதிய பத்துத் தொகுதிப் பறவைக் களஞ்சியம் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. 1958-இல் பத்மபூஷண் விருதும், 1976-இல் பத்மவிபூஷண் விருதும் அவரை அடைந்தன. பெரும் பரிசாகக் கிடைத்த பணத்தையும் அவர் இயற்கைப் பாதுகாப்புக்கே அளித்தார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். 1987-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் இயற்கை எய்தினார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவை ஆராய்ச்சி மையம் ஒன்று இன்று விளங்குகின்றது.

அன்பு உண்மையை மறைக்கும் திரையாகலாம். உண்மையைக் காணும் விளக்கும் ஆகலாம். சலீம் அலியின் அன்பு விளக்காயிற்று. தாம் நேசித்தவற்றையும் நடுவுநிலையில் நின்று ஆராய்ந்த அவருடைய நேர்மை, அறிவியலைக் கற்பார் யாவரும் போற்றிக் கைக்கொள்ளத்தக்கது.