ஆகாசவாணியைத் தந்த மனோதத்துவப் பேராசிரியர்

'ஆகாசவாணி' என்ற பெயரைக் கேட்காதவர் இருக்க முடியாது. தமிழில் நாம் 'வானொலி' என்கிறோம். ஆனால் நாடு முழுவதும் பரவிய அந்தப் பெயர் டில்லியில் பிறந்ததல்ல. நம் பெங்களூரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள மைசூரில், ஒரு பேராசிரியரின் வீட்டில் பிறந்தது!

அவர்தான் டாக்டர் எம்.வி. கோபாலசாமி. வானொலி அவருடைய தொழில் அல்ல. மைசூர் மகாராஜா கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்தார்.

லண்டனில் படிப்பு

மனோதத்துவம் ஒரு காலத்தில் தத்துவ சாஸ்திரத்தின் கிளையாகவே இருந்தது. மனம் என்பது என்ன என்று சிந்திப்பார்கள், விவாதிப்பார்கள், சோதித்துப் பார்ப்பதில்லை. 1879இல் ஜெர்மனியில் லைப்சிக் நகரில் வுண்ட் என்ற அறிஞர் இதற்கென்று ஒரு சோதனைச்சாலை அமைத்தார். அன்று முதல் மனோதத்துவம் தனி விஞ்ஞானமாயிற்று.

பிறகு பல கட்சிகள் தோன்றின. மனத்தின் அடியில் மறைந்து கிடக்கும் ஆசைகளே மனிதனை ஆட்டிவைக்கின்றன என்றார் வியன்னாவின் ஃப்ராய்டு. மனத்தை யார் கண்டது, வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்றார் அமெரிக்காவின் வாட்சன். துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள், மனம் எதையும் முழு உருவமாகவே காண்கிறது என்றனர் ஜெர்மனியின் கெஸ்டால்ட் அறிஞர்கள்.

லண்டன்காரர்களின் வழி வேறு. அவர்கள் அறிவை அளக்க முயன்றார்கள். அவர்களில் முதன்மையானவர் ஸ்பியர்மன். ராணுவ அதிகாரியாக இருந்து, பிறகு வுண்டிடம் பாடம் கேட்டவர் இவர். எல்லாத் திறமைகளுக்கும் அடியில் பொதுவான அறிவுத்திறன் ஒன்று ஓடுகிறது என்று 1904இல் எழுதினார். அந்த ஸ்பியர்மனிடம் பயின்றவர்தான் கோபாலசாமி.

கைவேலையைக் கற்றுக்கொள்வதில் அறிவுக்கு எவ்வளவு பங்கு? இதுவே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இது பற்றிய அவரது கட்டுரை 1924இல் பிரிட்டிஷ் மனோதத்துவ இதழில் வெளிவந்தது. மூளை வேலை உயர்ந்தது, கை வேலை தாழ்ந்தது என்று எண்ணுகிற நம் நாட்டிலிருந்து சென்ற ஒருவர் இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தது சிந்திக்கத்தக்கது. லேத் மெஷின் முன் நிற்பவருக்கும் தறியில் அமர்ந்திருப்பவருக்கும் இதன் அருமை தெரியும்.

மைசூரில் சோதனைச்சாலை

அப்போது மைசூர் சர்வகலாசாலையின் துணைவேந்தர் பிரஜேந்திரநாத் சீல். கல்கத்தாவில் சோதனை முறை மனோதத்துவத்துக்கு 1905இலேயே பாடத்திட்டம் வகுத்தவர். அவர் காலத்தில், 1924இல், மைசூரில் மனோதத்துவத் துறை ஏற்பட்டது. இந்தியாவில் கல்கத்தாவிற்கு அடுத்தபடியாகத் தோன்றிய துறை இது. அதை வளர்க்கும் பொறுப்பு கோபாலசாமியிடம் வந்தது. பிற்காலத்தில் அவர் மகாராஜா கல்லூரியின் பிரின்சிபாலாகவும் இருந்தார்.

முப்பது வாட் நிலையம்

கல்லூரிக்கு வரும் மாணவர்கள் சிலர். வர முடியாதவர்களோ பல ஆயிரம் பேர். அவர்கள் காதுக்கும் அறிவு போய்ச் சேர வேண்டாமா? அதற்கு ஏற்ற கருவி வானொலி என்று கண்டார் கோபாலசாமி.

1935 செப்டம்பர் 10ஆம் தேதி 'விட்டல் விகார்' என்ற தம் வீட்டிலேயே ஒலிபரப்பைத் தொடங்கினார். கருவியின் சக்தி வெறும் 30 வாட். நம் வீட்டில் எரிந்த பழைய குண்டு பல்பு கூட 40 வாட்! பிறகு 250 வாட் கருவி வந்தது. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்பட்டது 1938இல்தான் என்பதை நினைத்தால், இந்த முயற்சியின் துணிச்சல் புரியும்.

நிலையத்துக்கு 'ஆகாசவாணி' என்று பெயர் வைத்ததில் கன்னட எழுத்தாளர் நா. கஸ்தூரிக்குப் பங்கு உண்டு என்பார்கள். அவரும் நிலையப் பணியில் துணை நின்றவர்.

வானொலி நடத்துவது செலவு பிடித்த காரியம். லாபம் எதுவும் கிடையாது. கோபாலசாமி கைப்பணத்தைப் போட்டார். ஆனால் தனி ஒருவரால் எத்தனை காலம் தாங்க முடியும்? மைசூர் நகரசபை கைகொடுத்தது. 1942இல் மைசூர் சமஸ்தான அரசே நிலையத்தை ஏற்றுக்கொண்டது. வீட்டில் பிறந்த குழந்தை நாட்டின் சொத்தாகிவிட்டது.

பெங்களூருக்கு வந்தது

சுதந்திரத்துக்குப் பின் அந்த நிலையம் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1955 நவம்பரில் பெங்களூருக்கு மாறியது. சில ஆண்டுகளில் அதன் பெயரையே இந்திய வானொலி முழுவதும் சூடிக்கொண்டது.

மனோதத்துவமும் பெங்களூரில் வேரூன்றியது. 1954இல் இங்கே அகில இந்திய மனநல நிலையம் அமைந்தது. ஓசூர் ரோட்டில் நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் நிம்ஹான்ஸ் அதன் வளர்ச்சிதான்.

கோபாலசாமி மறைந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அவர் படித்த படிப்பு மனிதனின் அறிவை அளக்கும் படிப்பு. ஆனால் அவர் அளந்ததோடு நிற்கவில்லை. அறிவை அள்ளிக் கொடுக்கவும் செய்தார். வீட்டிலோ வேலைத்தலத்திலோ ரேடியோவைத் திருப்பும்போது, அந்த 30 வாட் பேராசிரியரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.