பூச்சியும் அதன் ஊரும்

ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1823-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் பிறந்தார். வறுமையின் காரணமாக இளமையிலேயே பள்ளியை விட்டு நில அளவைப் பணியில் சேர்ந்தார். வெட்டவெளியில் அலைந்த அந்த வேலை, செடிகொடிகள்மீதும் பூச்சிகள்மீதும் ஆர்வத்தை வளர்த்தது.

1848-இல் அவர் அமேசான் காட்டுக்குச் சென்றார். உயிரினங்களைச் சேகரித்து இலண்டனில் விற்பதே பிழைப்பு. நான்கு ஆண்டுகளுக்குப் பின் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த சேகரிப்பு எரிந்து போனது. பத்து நாள் படகில் தத்தளித்து உயிர் தப்பினார்.

ஆனால், கண்டறிந்த ஓர் உண்மை எரியவில்லை. அமேசானின் ஒரு கரையில் வாழும் சில குரங்கு வகைகள் எதிர்க்கரையில் இல்லை. அருங்காட்சியகச் சீட்டுகளிலோ பிரேசில் என்பதுபோல் பொதுவாகவே எழுதப்பட்டிருந்தது. எந்தக் கரை என்பதை யார் அறிவார்? இக்குறையை வாலஸ் அவ்வாண்டே இலண்டன் விலங்கியல் கழகத்தில் எடுத்துரைத்தார்.

1854-இல் அவர் சிங்கப்பூருக்கு வந்தார். அன்று புக்கிட் தீமா காட்டில் புலிகள் திரிந்தன. புலிக்காக வெட்டிய குழிகளும் இருந்தன. அதற்கிடையே வாலஸ் வலையோடு நடந்தார். வெட்டி வீழ்த்திய மரங்களில் மொய்த்த வண்டுகளில் மட்டும் சுமார் 700 வகைகள் கிடைத்தன. செடியின் சாற்றை உறிஞ்சி, தொட்டவுடன் துள்ளிப் பறக்கும் தத்துப்பூச்சிகளையும் அவர் விடவில்லை. பிறகு மலாக்கா, சரவாக் என்று பயணம் தொடர்ந்தது.

தத்துப்பூச்சி, சிள்வண்டு முதலியவற்றை இலண்டனில் ஃபிரான்சிஸ் வாக்கர் ஆராய்ந்தார். சிங்கப்பூர், மலாக்காவில் கிடைத்தவற்றுக்கு ஒரு பட்டியலும் சரவாக்கில் கிடைத்தவற்றுக்கு வேறொரு பட்டியலும் வெளியிட்டார். வாக்கர் சற்று அவசரக்காரர். ஒரே வகைக்கு வெவ்வேறு பெயர்களைச் சூட்டியதும் உண்டு. பின்வந்தவர்கள் பல பெயர்களை நீக்க வேண்டியதாயிற்று. பெயர்கள் மாறின; பூச்சி கிடைத்த ஊர் மாறவில்லை.

அந்தப் பழக்கம் 1856-இல் பெரும் பயன் தந்தது. பாலித் தீவிலிருந்து குறுகிய நீரிணையைக் கடந்து லொம்போக் சென்ற வாலஸ், அங்கே பறவைகளே வேறாக இருப்பதைக் கண்டார். ஆசிய உயிரினங்களையும் ஆஸ்திரேலிய உயிரினங்களையும் பிரிக்கும் அந்த எல்லை இன்று வாலஸ் கோடு எனப்படுகிறது.

1862-இல் நாடு திரும்பிய அவர், 1913-இல் தமது 90-ஆம் வயதில் காலமானார். இங்கிருந்து அனுப்பிய பூச்சிகள் பல இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ஊசியில் குத்திய பூச்சிக்குக் கீழே, ஊர்ப்பெயர் குறித்த சிறு சீட்டும் இருக்கிறது.