பழி அறியாத வீரர் பயார்

உலக வரலாற்றிலே வீரர் பலர் உண்டு. பகைவரும் கண்ணீர் சிந்திய வீரர் சிலரே. அச்சமும் பழியும் அறியாதவர் எனப் பிரெஞ்சு மக்கள் போற்றிய பயார் அவர்களுள் ஒருவர்.

பியர் தெராய் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 1473-ஆம் ஆண்டளவில் தென்கிழக்குப் பிரான்சில் பயார் கோட்டையில் பிறந்தார். சிறு வயதிலேயே சவாய் கோமகனிடம் பணிக்குச் சேர்ந்து, குதிரையேற்றமும் ஈட்டிப் போரும் பயின்றார். 1503-இல் இத்தாலியின் கரிலியானோ ஆற்றுப் பாலத்தில் தனியொருவராக நின்று ஸ்பானியப் படையைத் தடுத்துப் புகழ் பெற்றார்.

1512-இல் பிரேஷா நகரைப் பிரெஞ்சுப் படை சூறையாடியது. அங்கே படுகாயமுற்ற பயார் ஒரு வீட்டில் தங்கினார். அவ்வீட்டுத் தாயையும் இரு பெண்களையும் தீங்கு அணுகாமல் காத்தார். விடைபெறும்போது அத்தாய் நன்றியோடு தந்த பொற்காசுகளை அப்பெண்களின் சீதனத்திற்கே கொடுத்துவிட்டார். எஞ்சியதைக் கொள்ளையுண்ட கன்னியர் மடங்களுக்கு அளித்தார்.

இத்துணை இரக்கமுள்ளவர் ஒருவரை மட்டும் வெறுத்தார். அவர்தாம் ஆர்க்கபஸ் என்னும் துப்பாக்கி ஏந்திய காலாள் வீரர். அதன் குழலில் மருந்தையும் ஈயக் குண்டையும் இட்டு விசையை அழுத்தினால், புகையும் திரி தாழ்ந்து மருந்தைப் பற்ற வைக்கும். குண்டு கவசத்தையும் துளைக்கும். வாழ்நாளெல்லாம் பயின்ற பிரபுவை, சில வாரமே பயின்ற ஏழை தொலைவில் நின்றே வீழ்த்தலாம். அது கோழைகளின் கருவி என்பது பயாரின் எண்ணம். சிறைப்பட்ட துப்பாக்கி வீரருக்கு அவர் இரக்கம் காட்டியதில்லை என்றும் கூறுவர்.

1524 ஏப்ரல் 30 அன்று, சேசியா ஆற்றருகே பின்வாங்கிய படையைக் காத்து நின்றபோது, ஆர்க்கபஸ் குண்டொன்று அவர் முதுகெலும்பை முறித்தது. பகைவருக்கு முகம் காட்டித் தம்மை மரத்தடியில் சாய்த்து வைக்கச் சொன்னார். வாளின் பிடியையே சிலுவையாக எண்ணி இறைவனை வேண்டினார். எதிர்ப்படைத் தளபதி பெஸ்காரா கூடாரம் அமைத்துக் கொடுத்து, அவருக்காக வருந்தினார். மறு ஆண்டு பவியாப் போரில் பெஸ்காராவின் துப்பாக்கி வீரர்கள் பிரெஞ்சுக் குதிரைப்படையைச் சிதறடித்தனர்.

பயாரைச் சுட்டவன் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவனும் ஒரு தாயின் மகனே. பிரேஷாவில் முன்பின் அறியாத பெண்களிடம் காட்டிய கருணையை, பயார் அவனைப் போன்ற எளிய வீரரிடமும் காட்டியிருந்தால் அவர் புகழ் இன்னும் நிறைவுற்றிருக்கும். நமக்குப் பிடித்தவரிடம் அன்பு காட்டுவது எளிது. நாம் வெறுப்பவரிடமும் அன்பு காட்டுவதே மெய்யான வீரம் அன்றோ!